வெப்பநிலை எழுதாத அடர்த்தி

எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து மாதிரிப் போத்தலை மேசையில் வைத்ததும் பலர் கேட்பது, "இதின்ட டென்சிற்றி எவ்வளவு வருது எண்டு பாத்துச் சொல்லுங்கோ." நாங்கள் திருப்பிக் கேட்போம்: "எத்தினை பாகையில?" சிலருக்கு அது தட்டிக்கழிக்கும் பேச்சாகப் படும். ஆனால் அதைக் கேட்காமல் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தால் அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

டீசலை எடுத்துக்கொள்வோம். 15 பாகை செல்சியஸில் லீற்றருக்கு 840 கிராம் நிறையுள்ள டீசல், 30 பாகையில் ஏறத்தாழ 830 கிராம்தான் நிற்கும். யாரும் எதையும் கலக்கவில்லை, எண்ணெய் விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்தில் பவுசர் ஏற்றும்போது நீரமானியில் (திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தி வாசிக்கும் கருவி) வாசித்ததையும் பின்னேரம் எரிபொருள் நிலையத்தில் வாசித்ததையும் அப்படியே பக்கத்தில் வைத்துச் சண்டை பிடிப்பதில் பொருள் இல்லை. இரண்டையும் அட்டவணை பார்த்து 15 பாகைக்கு மாற்றிய பிறகும் வித்தியாசம் இருந்தால், அப்போது சண்டை பிடிக்கலாம்.

பல செய்முறைகள் 20 பாகையில் அளக்கச் சொல்கின்றன. குளிர்நாட்டு ஆய்வுகூடத்தில் அது அறை வெப்பநிலை. கொழும்பிலோ அந்த 20 பாகையை நாங்கள்தான் உண்டாக்க வேண்டும். உண்டாக்கினாலும் வேறொரு தொல்லை காத்திருக்கும். இங்குள்ள காற்றின் பனிபடுநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 23, 24 பாகைக்கு மேல். 20 பாகை நீர்த்தொட்டியில் ஊறிய அடர்த்திப் போத்தலை (திரவத்தை நிரப்பி நிறுத்து அடர்த்தி காணும் சிறு கண்ணாடிப் போத்தல்) ஏசி இல்லாத அறையில் வெளியே எடுத்துத் துடைத்துத் தராசில் வைத்தால், துடைத்த கை விலகுமுன்பே கண்ணாடியில் ஈரம் படியத் தொடங்கிவிடும். தராசின் கடைசி இலக்கங்கள் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். 50 மில்லிலீற்றர் போத்தலில் 10 மில்லிகிராம் ஈரம் படிந்தால் விடை மில்லிலீற்றருக்கு 0.0002 கிராம் பிழையாகும். நான்கு தசம தானத்துக்கு விடை எழுத விரும்புபவருக்கு இது சின்னப் பிழை அல்ல. ஈரப்பதம் குறைந்த ஏசி அறையில் நிறுப்பது ஒரு வழி. அது இல்லாவிட்டால் நீர்த்தொட்டியை 30 பாகையில் வைத்து அளந்து, அறிக்கையிலும் 30 என்றே எழுதுவது என் பார்வையில் நேர்மையானது. பொய்யான 20ஐ விட உண்மையான 30 மேல்.

போத்தல் முறையில் இன்னும் சில. கண்ணாடியில் பொறித்திருக்கும் 50 என்ற எண்ணை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. கொதிக்க வைத்து ஆறவிட்ட காய்ச்சி வடித்த நீரை அதே வெப்பநிலையில் நிரப்பி நிறுத்து, உண்மைக் கனவளவைக் கண்டுபிடிக்க வேண்டும். நீரின் அடர்த்தியை 1 என்று எடுத்துக்கொள்வது உயர்தர வகுப்போடு முடிந்துபோக வேண்டிய பழக்கம்: 20 பாகையில் அது 0.9982, 25இல் 0.9970, 30இல் 0.9957. நிரப்பிய போத்தலை வயிற்றில் பிடிக்காமல் கழுத்தில் பிடிக்கவும். கைச்சூடு பட்டால் அடைப்பானின் மயிர்த்துளை வழியாகத் திரவம் மேலே வரும், துடைக்கும்போது அதுவும் போய்விடும். காற்றின் மேலுதைப்பை, அதாவது சுற்றியுள்ள காற்று தாங்குவதால் நிறை சற்றுக் குறைவாகத் தெரிவதை, மிகச் சிலரே கவனிக்கிறார்கள். 0.79 அளவில் அடர்த்தியுள்ள எதனோலில் அதை விட்டுவிட்டால் பிழை 0.00025 வரை போகும். நீருக்கு நெருங்கிய அடர்த்தியுள்ள திரவத்தில் பொருட்படுத்தத் தேவையில்லை.

"எங்களிட்ட டிஜிட்டல் மெஷின் இருக்கு, இந்தத் தொல்லை ஒண்டும் இல்லை" என்பவர்களும் உண்டு. அதிரும் யு வடிவக் கண்ணாடிக் குழாயை வைத்து அடர்த்தி அளக்கும் கருவி 1967இல் ஒஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலிருந்து சந்தைக்கு வந்தது. அருமையான கருவி, மறுக்கவில்லை. குழாய் நிரம்பியதும் அதிரும் வேகம் குறைவதைக் கணக்கிட்டு அடர்த்தியைச் சொல்கிறது. ஆனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்றுக்குமிழி இருந்தால், அதையும் சேர்த்து அளந்து ஐந்து தசம தானத்துக்கு அழகாகக் காட்டும். காலையில் உலர்ந்த காற்றையும் நீரையும் வைத்துச் சரிபார்க்காத நாளில் அந்த ஐந்து தானங்களில் எத்தனை உண்மை என்று யாருக்கும் தெரியாது.

தேங்காய் எண்ணெய்க்குத் தனிக் கவனம் வேண்டும். 24, 25 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும், ஏசியை 22இல் வைத்த அறையில் போத்தலிலேயே வெள்ளையாக நிற்கும். அரைகுறையாக உறைந்ததை அளந்து பயனில்லை. முழுதாக உருக்கிக் கலக்கி 40 பாகையில் அளப்பதுதான் வழக்கம். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவு நியமத்தில் தரப்பட்டிருக்கும் 0.908 முதல் 0.921 வரையான வீச்சும் அப்படித்தான், 40 பாகை எண்ணெயை 20 பாகை நீரோடு ஒப்பிட்ட சாரடர்த்தி. அதை நேரடி அடர்த்தி என்று நினைத்து ஒப்பிட்ட அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். 0.9982ஆல் பெருக்கிய பிறகுதான் இரண்டும் ஒரே வரிசைக்கு வரும்.

இத்தனை கவனத்தோடு அளந்தாலும் அடர்த்தி எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்காது. பாலில் ஆடையை எடுத்தால் அடர்த்தி கூடும், தண்ணீர் சேர்த்தால் குறையும். இரண்டையும் அளவாகச் செய்தவரின் பாலில் பால்மானி சரியான இடத்திலேயே மிதக்கும். கொழுப்பையும் சேர்த்துப் பார்க்காமல் பாலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. தேங்காய் எண்ணெயில் பாம் எண்ணெய் கலந்திருக்கிறதா என்று கேட்டு வருபவர்களுக்கும் இதே பதில்தான். பாம் எண்ணெயின் திரவப் பகுதியான பாம் ஒலீனின் வீச்சு 0.899 முதல் 0.920 வரை, தேங்காய் எண்ணெயின் வீச்சோடு பெரும்பகுதி ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. அந்தச் சந்தேகத்தோடு வருபவரிடம் அடர்த்திக்குக் காசு கட்ட வேண்டாம், அயடீன் பெறுமானம் (எண்ணெயின் நிரம்பாத தன்மையைக் காட்டும் எண்) பாருங்கள் என்று சொல்லிவிடுவேன்: தேங்காய் எண்ணெய்க்கு அது 6.3 முதல் 10.6 வரை, பாம் ஒலீனுக்கு 56க்குக் குறையாது.