செப்புத் தகட்டில் பிறந்த வரைபடங்களை அடையாளம் காண்பது எப்படி?

வட அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர்கள் கண்டறிந்த நிலப்பரப்புகளின் வரலாற்றை ஷார்ல்வுவா என்ற இயேசு சபைத் துறவி எழுதி, 1744இல் பாரிசில் வெளியிட்டார். அந்நூலுக்கான வரைபடங்களை, பிரெஞ்சுக் கடற்படையின் வரைபடக் காப்பகத்தில் பணியாற்றிய ழாக் நிக்கோலா பெலின் உருவாக்கினார். அவற்றுள் ஐம்பெரும் ஏரிகளைக் காட்டும் படத்தில், சுப்பீரியர் ஏரிக்குள் பிலிப்போ, போன்ஷார்த்ரேன் முதலிய பெரிய தீவுகள் வரையப்பட்டுள்ளன. உண்மையில் அத்தீவுகள் அங்கு இல்லை. ஆயினும் அவை பிற வரைபடங்களுக்கும் பரவின. அமெரிக்காவின் எல்லைக் கோடு பிலிப்போ தீவுக்கு வடக்கே செல்லும் என்று அமெரிக்க விடுதலைப் போரை முடித்துவைத்த 1783ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டது.

செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட இத்தகைய வரைபடத் தாளைச் சேகரிப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அது அக்காலத்துத் தகட்டிலிருந்து எடுத்த படியா, பிற்கால நகலா என்பதைத்தான். படத்தை எளிதில் நகலெடுக்கலாம் என்பதால், அச்சு முறை தாளில் விட்டுச்சென்ற தடயங்களையே நம்ப வேண்டும்.

செதுக்குபவர் கூரிய எஃகு உளியால் செப்புத் தகட்டில் கோடுகளையும் எழுத்துகளையும் இடவலம் மாற்றிக் கீறுவார். தகடு முழுவதும் கெட்டியான மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால், பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரப்படுத்திய தாளை அதன்மேல் வைத்து இரண்டு உருளைகளுக்கிடையே செலுத்தும்போது, மிகுந்த அழுத்தத்தால் தாள் பள்ளங்களுக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வருகிறது. அதனால் கோடுகள் தாளின் பரப்பிலிருந்து சற்றே மேலெழுந்து நிற்கும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தால் அந்த மேடு தெரியும். கல்லின் சமதளப் பரப்பிலிருந்து அச்சிடும் கல்லச்சில் மை தட்டையாகவே படியும். நவீன ஆஃப்செட் நகலிலோ, கோட்டின் விளிம்புகள் பெரும்பாலும் நுண்புள்ளிகளாகப் பிரிந்து தெரியும்.

தகட்டின் விளிம்பும் தாளில் செவ்வகப் பள்ளமாகப் பதியும். ஆனால் நூலுக்குள் மடித்து வைக்கப்பட்ட படங்களின் ஓரங்கள் பல சமயம் அத்தடத்துக்கு உள்ளேயே வெட்டப்பட்டிருக்கும். ஆகவே தடம் இல்லை என்பதற்காக ஒரு படத்தைப் போலி என்று ஒதுக்குவது தவறு. தடம் இருப்பதும் மட்டுமே போதிய சான்றாகாது, ஏனெனில் ஒளிப்படத்தின் உதவியால் செய்த செப்புத் தகட்டு நகலிலும் அது இருக்கும்.

அங்கே தாளின் சான்று தேவைப்படுகிறது. கந்தல் துணிக் கூழைக் கம்பிச் சல்லடையில் அள்ளிச் செய்த பழைய தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நெருக்கமான கம்பிக் கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே சுமார் 2 முதல் 3 சென்டிமீட்டர் இடைவெளியில் அகன்ற கோடுகளும், சில வேளை ஆலையின் நீர்க்குறியும் தெரியும். மரக்கூழ்த் தாள் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. புற ஊதா ஒளியில் நீலவெண்மையாகப் பளிச்சிடும் தாளில் 20ஆம் நூற்றாண்டின் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் லெஸ்கார்போ 1609இல் வெளியிட்ட, புதிய பிரான்சின் (வட அமெரிக்கப் பிரெஞ்சுக் குடியேற்றப் பகுதியின்) வரலாறு, 1866இல் பாரிசில் வரைபட நகல்களுடன் மறுபதிப்பானது. ஏமாற்றும் நோக்கம் அதில் இல்லை. ஆனால் நூலிலிருந்து பிரிந்துவிட்ட அத்தகைய நகல், அனுபவமற்றவரைக் குழப்பக்கூடும். நூலைப் பிரித்துப் படங்களைத் தனித்தனியே விற்பதை நான் உறுதியாக எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நூலோடு சேர்ந்திருக்கும் படத்துக்கு அதன் பக்கங்களே சாட்சி.

செம்பு மென்மையான உலோகம் என்பதால், படிகள் பெருகப் பெருக நுண்கோடுகள் முதலில் தேயும். பதிப்பாளர்கள் அவற்றை மீண்டும் செதுக்குவார்கள். சில சமயம் பெயர்களைச் சேர்ப்பார்கள் அல்லது தட்டிச் சமன்செய்து அழிப்பார்கள். ஒரே தகட்டின் இந்த அடுத்தடுத்த நிலைகளை ஒப்பிட்டு, எந்தப் படி முந்தியது என்று வரிசைப்படுத்தலாம்.

வண்ணத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். இந்நூல்களின் படங்கள் பெரும்பாலும் வண்ணமின்றியே வெளிவந்தன. வண்ணமிட்டவை பலவும் பிற்கால வேலை. பழைய பச்சை நிறத்தில் உள்ள செம்புச் சேர்மம் தாளின் செல்லுலோசைச் சிதைப்பதால், காலப்போக்கில் பின்பக்கத்தில் பழுப்புத் தடம் தோன்றும். அண்மையில் பூசிய பச்சையில் அத்தடம் இருக்காது. மடிப்பு வெடித்த இடங்களில் புது வண்ணம் இழைகளுக்குள் ஊறியிருப்பதையும் காணலாம்.