விலை உயர்ந்த சாக் பொடியும் வெடித்த விரல்களும்

மழை ஓய்ந்து பாதாமி, ஹம்பி, ராமநகரம் என்று பாறையேறக் கிளம்பும் பருவம் வந்தாலே, பெங்களூரில் என்னைப் போன்ற தோல் மருத்துவர்களுக்கு வேலை கூடிவிடுகிறது. விரல் நுனி வெடித்து, மடிப்புகளில் ரத்தம் கசிந்து, சோறு பிசையக்கூட முடியாமல் வருகிறார்கள். அண்மையில் வந்த இளைஞர், "டாக்டர், இது சாதாரணப் பொடி இல்லை, சருமத்துக்கு உகந்தது" என்றபடி, ஏறும்போது கை வியர்வையை உலர்த்திப் பிடி கிடைக்கப் பூசும் சாக் பொடி டப்பா ஒன்றை மேசையில் வைத்தார். நான் எழுதிக்கொடுத்த களிம்பை அந்த விலைக்கு மாதக்கணக்கில் வாங்கலாம். இனியும் பொறுக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

டப்பாவில் இருப்பது மெக்னீசியம் கார்பனேட். 1950களில் ஜான் கில் என்ற அமெரிக்கர் ஜிம்னாஸ்டிக்ஸ் களத்திலிருந்து பாறைக்குக் கொண்டுபோன அதே பொடி. தூள் உப்பு கட்டிதட்டாமலிருக்க இதைச் சேர்க்கிறார்கள். நெஞ்செரிச்சல் மருந்துகளிலும் இருக்கிறது. சேலத்தில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லும் அடிப்படையில் இதே சேர்மம்தான், அது உலைச் செங்கல்லுக்குப் போகிறது. இதில் அபூர்வம் எதுவும் இல்லை.

"99 சதவீதத் தூய்மை" என்று போடுகிறார்களே, எதில் 99? சாக் பொடியாக விற்பது பெரும்பாலும் நீரும் ஹைட்ராக்சைடும் சேர்ந்த கார்பனேட். மருந்துத் தர நூல்கள் இதை மெக்னீசியம் ஆக்சைடாகக் கணக்கிட்டு, 40 முதல் 45 சதவீதம் இருக்க வேண்டும் என்கின்றன. எந்த அளவுகோல் என்று சொல்லாத சதவீதம் டப்பாவுக்கு அலங்காரம், அவ்வளவுதான்.

"பல மடங்கு உறிஞ்சும்" என்பது அடுத்தது. இதன் பின்னால் கொஞ்சம் உண்மையான அறிவியல் உண்டு. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2013இல், கிராமுக்கு 800 சதுர மீட்டர் பரப்புள்ள நுண்துளை மெக்னீசியம் கார்பனேட்டை உருவாக்கினார்கள். அருமையான வேலை. அதைச் சில பொடிகளில் கலக்கவும் செய்கிறார்கள். ஆனால் அதன் சிறப்பு, ஈரப்பதம் குறைந்த காற்றிலிருந்தும் நீரை இழுத்துக்கொள்வது. உங்கள் உள்ளங்கை அப்படிப்பட்ட இடமா? அங்கே வியர்வைச் சுரப்பிகள் பயத்துக்கும் பதற்றத்துக்கும் சுரந்துகொண்டே இருக்கின்றன. ஒரு சிட்டிகைப் பொடி எதுவானாலும் நிறைந்துவிடும், கை மறுபடி இடுப்பில் தொங்கும் பொடிப் பைக்குள் போகும்.

என்னை மிகவும் எரிச்சலூட்டுவது இவை எதுவுமல்ல. எவ்வளவு உலர்கிறதோ அவ்வளவு பிடி கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதுதான். ரூபாய் நோட்டு எண்ணும் காசாளர் எதற்காக விரலை நனைத்துக்கொள்கிறார்? தோலின் மேலடுக்கில் அளவான ஈரம் இருந்தால் அது இளகி, பாறையின் மேடுபள்ளங்களில் படிந்து அமர்கிறது. தொடும் பரப்பு கூடுகிறது. ஈரம் மிஞ்சினால் வழுக்கும், சரி. ஆனால் ஈரம் அறவே போனாலும் தோல் விறைத்து, பளபளத்து, வழுக்கவே செய்யும். பிறகு வெடிக்கும். "பிடி போதவில்லை" என்று இன்னும் பொடி போடுபவர்களில் பலருக்கு ஏற்கெனவே தோல் காய்ந்துபோயிருக்கிறது. நான் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன், அவர்கள் நம்புவதில்லை.

பொடியால் உராய்வு கூடுகிறதா என்ற கேள்விக்கே ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. மணற்கல், கருங்கல், ஸ்லேட் ஆகியவற்றில் செய்து 2001இல் வெளியான ஆய்வு, உராய்வு குறைந்ததாகச் சொன்னது. மணற்கல்லிலும் சுண்ணாம்புக்கல்லிலும் செய்து 2012இல் வெளியான ஆய்வு, கூடியதாகச் சொன்னது. நிலைமை இப்படியிருக்க, ஒரு டப்பா இன்னொரு டப்பாவைவிட இத்தனை சதவீதம் மேல் என்று எந்தத் துணிவில் அச்சிடுகிறார்கள்?

"சருமத்துக்கு உகந்தது" என்பதற்கு வருகிறேன். மெக்னீசியம் கார்பனேட் நீரில் கலந்தால் அதன் பிஎச், அதாவது அமில-கார அளவு, ஏறத்தாழ 10; அது காரம். தோலின் பிஎச் 5 அளவில், அது லேசான அமிலம். இரண்டு சொட்டு வாசனை எண்ணெய் சேர்ப்பதால் இது மாறாது; அந்த வாசனையே சிலருக்கு ஒவ்வாமை தரும். திரவ சாக் என்றால் பொடியோடு ஆல்கஹால் வேறு கலந்திருக்கும். அவற்றில் சிலவற்றில் ரோசின் எனும் பைன் மரப் பிசின் இருக்கிறது. ஒவ்வாமை கண்டறிய முதுகில் பட்டை ஒட்டிப் பார்க்கிறோமே, அந்த வழக்கமான பட்டியலில் ரோசினுக்கு நிரந்தர இடம் உண்டு.

கட்டியாக வேண்டுமா, மாவாக வேண்டுமா என்பது உங்கள் கையின் விருப்பம். அதற்காகக் கூடுதல் காசு கொடுத்தால் நான் குறுக்கே வரமாட்டேன். செயற்கைச் சுவரில் ஏறும் மூடிய அரங்கில் தூசி குறையத் திரவ சாக் உதவும், அதையும் மறுக்கவில்லை.

ஏறி முடித்ததும் கையைக் கழுவுங்கள். பொடியோடு வீட்டுக்குப் போய்த் தூங்காதீர்கள். ஈரம் துடைத்த கையோடு வாசனையற்ற களிம்பு தடவுங்கள். தேங்காய் எண்ணெயாவது தடவுங்கள். வெடிப்பு ஆறும்வரை, தயவுசெய்து, சுவர் பக்கம் போகாதீர்கள். சூப்பர் குளூ போட்டு ஒட்டிக்கொண்டு வராதீர்கள், அதைப் பிரித்தெடுப்பதும் என் தலையில் விழுகிறது. வியர்வையை நிறுத்தும் மெத்தெனமைன் களிம்பை யாரோ ஒரு வீரர் பூசுகிறார் என்று தினமும் பூசாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உள்ளங்கையிலிருந்து சொட்டினால், எழுதும் தாள் நனைந்தால், அது மிகை வியர்வை. சிகிச்சை இருக்கிறது, அதற்குப் பொடி தேட வேண்டாம். மருத்துவரிடம் வரும்போது டப்பாவையும் எடுத்துவாருங்கள், மூலப்பொருள் ஒட்டியிருக்கும் பக்கத்தைக் கிழிக்காமல்.