தசைநார் என்றால் எது?

“வேகப்பந்து வீச்சாளருக்குத் தசைநார் கிழிவு” என்று செய்தி வருகிறது. சரி, கிழிந்தது எது? தசையா, தசையை எலும்போடு கட்டியிருக்கும் கயிறா, எலும்போடு எலும்பைப் பிணைக்கும் பட்டையா? மூன்றையும் தசைநார் என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். போதாக்குறைக்கு, பரம்பரையாக வந்து தசையை நலியவைக்கும் நோய்க்கும் ‘தசைநார்ச் சிதைவு’ என்று பெயர். இத்தனை சுமையை ஏற்றினால் அந்தச் சொல்லும்தான் கிழியும்.

தசையும் சதையும் முதலில் ஒரே சொல். விசிறி சிவிறி ஆனதுபோல எழுத்து இடம் மாறியது. பள்ளியில் இலக்கணப்போலி என்று படித்திருப்போம். இப்போது இரண்டும் வேலையைப் பிரித்துக்கொண்டுவிட்டன. மாம்பழத்தில் இருப்பது சதை, தொப்பையில் தொங்குவதும் சதை. சுருங்கி இழுக்கிற உறுப்புக்கு மட்டும் தசை. (ஜாதகத்துச் சனி தசை வேறு, அது வடமொழி வழி வந்தது.) பழைய சொல் ஊன், ‘தன்னூன் பெருக்கற்கு’ என்று குறளில் வருமே, அதுதான்.

ஜிம்முக்குப் போகிறவர்கள் சொல்லும் ‘மசில்’ லத்தீன் வழி வந்தது. அங்கே ‘முஸ்குலுஸ்’ என்றால் சின்ன எலி. கையை மடக்கும்போது தோலுக்கடியில் மேடு எழுந்து ஓடுவது எலி ஓடுவதுபோலப் பட்டதாம். கிரேக்கத்திலும் எலிக்கும் தசைக்கும் ‘மூஸ்’ என்ற ஒரே சொல்தான். தசைப் புரதமான மயோசினின் பெயருக்குள் ஒளிந்திருப்பது அந்த எலியே. நம் ஆட்களுக்கு எலி தோன்றவில்லை, மீன் தோன்றியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் இருப்பது கெண்டைக்கால். நடுவில் பருத்து இரண்டு முனையிலும் ஒடுங்கும் தசையின் வடிவத்துக்கு எலியைவிடக் கெண்டைதான் பொருத்தம் என்பது என் கட்சி.

அந்த ஒடுங்கிய முனையில்தான் குழப்பமே. கோழி வெட்டும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த விளையாட்டு தெரியும். வெட்டிப்போட்ட கோழிப்பாதத்தின் வெட்டுவாயில் வெள்ளையாக, வழவழப்பாக ஒரு நூல் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் விரல்கள் மடங்கும், விட்டால் தளரும். விரலில் சதையே கிடையாது. இழுக்கிற தசை மேலே, காலில் இருந்தது. நம் கையும் அப்படித்தான். விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கே மறுகையை வைத்துக்கொண்டு விரல்களை மடக்கினால் உள்ளே அசைவது தெரியும்.

அந்த வெள்ளை நூலை வீட்டில் ‘நரம்பு’ என்போம். அதில் பெரிய தப்பும் இல்லை. யாழில் கட்டிய தந்தியும் நரம்புதான். கிரேக்க ‘நியூரான்’ கூட முதலில் இந்த இழுகயிற்றையும் வில் நாணையும்தான் குறித்தது; மூளையின் செய்தி ஓடும் நரம்புக்கு அது பிறகே போனது. இன்று நரம்பு அந்த வேலைக்கு நிலைத்துவிட்டதால் இதற்குப் பாடநூல் தரும் ‘தசைநாண்’ அருமையான சொல். வில்லை வளைக்கும் நாண்போல எலும்பை இழுக்கிறது.

அப்படியானால் நார்? வெந்த ஆட்டுக்கறியைப் பிய்த்தால் நார் நாராக வருகிறதே, அவை தசைக் கற்றைகள். ஒவ்வொரு கற்றைக்குள்ளும் தலைமுடி அளவிலோ அதைவிட மெலிதாகவோ தசையிழைகள். ஓர் இழை என்பது ஒரே செல். பல சென்டிமீட்டர் நீளமும் பல உட்கருக்களும் கொண்டது. அதற்குள் நுண்ணிழைகள், அவற்றில் வரிசையாகச் சார்கோமியர்கள் என்ற சுருங்கும் அலகுகள். ஒன்றின் நீளம் மைக்ரோமீட்டர் கணக்கில் இரண்டு சொச்சம். கிரேக்க வழி வந்த அந்தப் பெயரை அப்படியே பிரித்தால் ‘சதைக்கூறு’.

தசை சுருங்கும்போது இந்தச் சார்கோமியருக்குள் இருக்கும் மயோசின், ஆக்டின் என்ற புரத இழைகள் சுருங்குவதில்லை. நரம்பிலிருந்து தூண்டல் வந்ததும் செல்லுக்குள் கால்சியம் வெளிப்படும். மயோசினின் தலைகள் ஆக்டின் இழையைப் பற்றி, கிணற்றுக் கயிற்றைக் கைமாற்றி இழுப்பதுபோல இழுக்கும். ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதால் மொத்தமும் குறுகுகிறது. இதை 1954-இல் நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகச் சொன்னார்கள்: ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் ஒரு பக்கம், ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும் மறுபக்கம். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் அல்லர். பிடியை விடுவதற்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். இறந்த உடலில் அது தீர்ந்துபோவதால்தான் பிடி விடாமல் உடல் விறைக்கிறது.

ஆக, செல்லுக்குத் தசையிழை, எலும்போடு கட்டும் கயிற்றுக்குத் தசைநாண். எலும்பையும் எலும்பையும் கட்டும் பட்டையில் தசையே கிடையாது. அதைத் தசைநார் என்பது சுத்தப் பிழை, இணைப்பு நார் என்றால் போதும்.

அந்த வேகப்பந்து வீச்சாளருக்கு வருவோம். தொடையின் பின்புறத் தசை லேசாகக் கிழிந்திருந்தால் சில வாரங்களில் திரும்பிவிடுவார். தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம். குதிகாலுக்கு மேலே நாண் அறுந்தாலோ, முழங்காலுக்குள் இணைப்பு நார் அறுந்து அறுவை சிகிச்சை ஆனாலோ மாதக்கணக்கு, சிலருக்கு ஒரு வருடம்கூட. அடுத்த தொடரில் ஆடுவாரா என்பதுதான் வாசகருக்குத் தெரியவேண்டியது. ‘தசைநார் கிழிவு’ அதைச் சொல்வதில்லை.