“கல்யாணத்துக்கு முன்பு பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடக் கூடாத ஊசி

கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணின் குடும்பத்தாரிடம், அவருடைய மகளுக்கு ஹெச்.பி.வி. (பாலுறவு வழியாகப் பரவி இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் ‘ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்’) தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று அண்மையில் கேட்டேன். “அவள் சின்னப் பெண், டாக்டர். அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்பு பார்த்துக்கொள்ளலாம்” என்றார்கள். இதே பதிலைப் பல பெற்றோர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் நோயின் வேதனையை வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பவர்களும் அதையே சொன்ன பிறகு, எழுதாமல் இருக்க முடியவில்லை.

சின்னப் பெண்ணாக இருக்கும்போதே போடவேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஊசி 9 முதல் 14 வயதுக்குள் பரிந்துரைக்கப்படுகிறது. இது வைரஸ் தொற்றாமல் தடுக்கும். ஏற்கெனவே தொற்றித் தங்கிவிட்ட வைரஸை வெளியேற்றாது, அதனால் கருப்பைவாயில் தொடங்கிவிட்ட மாற்றத்தைச் சரிசெய்யவும் செய்யாது. ஆகவே பாலுறவு வாழ்க்கை தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே போட்டுவிடுவதுதான் முழுப் பலன் தரும். அந்த வயதில் உடலின் எதிர்ப்பாற்றலும் கூடுதலாக உருவாகிறது. இந்த ஊசியைப் பெற்றோர் பலர் தம் மகளின் நடத்தையைப் பற்றிய சந்தேகமாக எடுத்துக்கொள்வதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஹெபடைடிஸ் பி கிருமியும் பாலுறவு வழியாகப் பரவக்கூடியதே. அதற்கான ஊசியைப் பிறந்த குழந்தைக்குப் போடும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. பாலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் ஹெச்.பி.வி. தொற்றுகிறது. கணவர் ஒருவரைத் தவிர வேறு எவரையும் அறியாத பெண்களுக்கும் இந்தப் புற்றுநோய் வந்து நான் சிகிச்சை அளித்திருக்கிறேன். ஊசி போட்ட பெண்கள் விரைவில் பாலுறவைத் தொடங்குகிறார்களா என்று பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படி எந்த மாற்றமும் காணப்படவில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் இந்தத் தடுப்பூசிப் பணி உலகெங்கும் தடைபட்டது. 2019இல் எட்டியிருந்த அளவில் கால் பங்குக்கும் மேல் 2021க்குள் இழந்துவிட்டோம். பிறகு உலக அளவில் நிலைமை தேறினாலும், சில நாடுகள் இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பலரும் நினைப்பதுபோல இதற்கு எதிர்ப்பு மட்டுமே காரணம் அன்று. பள்ளியிலிருந்து வந்த சம்மதப் படிவம் கையெழுத்தாகாமல் பைக்குள்ளேயே கிடந்ததாலும், எங்கள் துறையினரே காய்ச்சலுக்காக வந்த சிறுமியின் பெற்றோரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பியதாலும் தவறிப்போன ஊசிகள் ஏராளம்.

இப்படித் தவறவிடுவதன் விளைவு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. தொற்று நிலைத்துப் புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்பதால், இன்று விடுபடும் சிறுமிகளை எங்கள் மருத்துவமனைகள் அவர்களுடைய முப்பதுகளில்தான் சந்திக்கும். ஜப்பான் இதற்கு நம் கண்முன் இருக்கும் சான்று. பக்க விளைவுகள் பற்றிய செய்திகளால் எழுந்த அச்சத்தில், 2013 ஜூனில் அந்நாட்டு அரசு இந்த ஊசியை முனைந்து பரிந்துரைப்பதை நிறுத்தியது. ஊசி போட்டுக்கொள்ளும் சிறுமிகளின் அளவு ஏறத்தாழ 70 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காட்டுக்கும் கீழே விழுந்தது. நகோயா நகரில் ஏறத்தாழ 30,000 இளம்பெண்களிடம் நடத்திய ஆய்வில், சொல்லப்பட்ட அறிகுறிகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு இல்லை என்று தெரிந்தது. ஆயினும் அரசின் பரிந்துரை மீண்டும் நடைமுறைக்கு வர 2022 ஏப்ரல் ஆயிற்று. 2013 முதல் 2019 வரை நேர்ந்த இழப்பால் மட்டும் அந்தத் தலைமுறைப் பெண்களில் 5,000 பேரேனும் இந்நோயால் இறக்க நேரலாம் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது.

மறுபுறம், இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி பெற்ற பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் 87 விழுக்காடு குறைந்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் அதே வயதில் முழுமையாக ஊசி பெற்றவர்களில் ஒருவருக்குக்கூடத் திசுக்களுக்குள் ஊடுருவும் வகைக் கருப்பைவாய்ப் புற்றுநோய் பதிவாகவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். இதற்குப் பிறகும் தயங்குவதற்கு என்ன இருக்கிறது?

இந்த ஊசியில் வைரஸின் மரபணு கிடையாது. வெளிப்புறப் புரதக் கூடு மட்டுமே உண்டு. ஆகவே ஊசியால் நோய் தொற்றாது. கருத்தரிக்கும் திறனையும் இது பாதிப்பதில்லை. கையில் வலி, லேசான காய்ச்சல், சில சிறுமிகளுக்கு ஊசி போட்டவுடன் மயக்கம் ஆகியவை வரலாம். மயக்கம் வந்து விழுந்துவிடாதிருக்க, 15 நிமிடம் அங்கேயே உட்கார வைத்துப் பிறகு அழைத்துச் செல்லுங்கள். முந்தைய தவணைக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் பிரசவத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். 9 முதல் 20 வயது வரை ஒரே தவணையும் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றுக்கொண்டது. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குக் கூடுதல் தவணை வேண்டும். உங்கள் மகளுக்கு எத்தனை என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வயது கடந்துவிட்டது என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். பலன் குறைந்தாலும், பதின்ம வயதின் இறுதியிலும் அதற்குப் பிறகும்கூடப் பயன் உண்டு. மகன்களுக்கும் போடலாம்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் 30 வயதிலிருந்து கருப்பைவாய்ப் பரிசோதனை தேவை; ஹெச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும். உறவுக்குப் பின் இரத்தக் கசிவோ, மாதவிடாய் நின்ற பிறகு உதிரப்போக்கோ, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ இருந்தால், கூச்சப்பட்டுக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்காமல் உடனே வாருங்கள். வரும்போது மகளின் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள். அவளுக்குரிய தேதியை அன்றே குறித்துவிடலாம்.