பல துறையினர் கூடும் அவையில் உரையாற்ற வருபவர்களுக்கு

கோயம்புத்தூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் ஆராய்ச்சிகள் அருகருகே நடக்கின்றன. 1912இல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிறுவனம், வேளாண்மைப் பல்கலைக்கழகம், நூற்பாலைகளின் தேவையை ஒட்டி எழுந்த சிட்ரா என்னும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம், ஆனைகட்டியிலுள்ள சலீம் அலி பறவையியல் மையம் ஆகியவற்றோடு பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளும் இங்குண்டு. இத்தகைய இடங்களைச் சேர்ந்தவர்கள் ஒரே அரங்கில் அமரும் பல்துறை அறிவியல் கருத்தரங்கு ஒன்றை ஒருங்கிணைக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் பேச்சாளர்களிடம் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்லி வருவதை இங்கே எழுதி வைக்கிறேன்.

உங்கள் துறையைச் சேர்ந்தவர்கள் அந்த அரங்கில் ஓரிருவர்தாம் இருப்பார்கள். நல்ல ஆய்வாளர்களின் உரைகள்கூட எடுபடாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், அவர்கள் அந்த ஓரிருவரை மனத்தில் வைத்துப் பேசுவதுதான். ‘இதை விட்டுவிட்டால் அவர் குறையாக நினைப்பாரே’ என்ற அச்சத்தில் விதிவிலக்குகளும் செய்முறை நுணுக்கங்களும் ஒவ்வொன்றாக உள்ளே வந்து சேர, மற்ற அனைவரும் பத்தாவது நிமிடத்திலேயே வெளியே நிற்கிறார்கள். அந்த நிபுணருக்கு உங்கள் ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. தேநீர் இடைவேளையில் உங்களோடு பேசவும் முடியும். பறவைகளைப் படிக்கும் மாணவிக்கும் நூலின் வலிமையை அளக்கும் பொறியாளருக்கும் அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர வேறு வாய்ப்பில்லை. உரையை அவர்களுக்காகவே அமைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்து நிமிடங்களைக் கேள்விக்கு ஒதுக்குங்கள். முறையியல் பிறகு வரட்டும். கரும்பையே எடுத்துக்கொள்வோம். வட இந்தியாவில் பயிரான மெலிந்த கரும்புகள் கடுமையைத் தாங்கினாலும் விளைச்சலில் குறைவாக இருந்தன. தடித்த, இனிப்பு மிகுந்த வெப்பமண்டலக் கரும்புகளோ அந்தத் தட்பவெப்பத்தைத் தாங்கவில்லை. இரண்டு பண்புகளையும் ஒரே செடியில் சேர்க்க முடியுமா என்பதுதான் கேள்வி. கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் இடமாகக் கோயம்புத்தூர் இருந்ததால் அந்த முயற்சி இங்கே நடந்தது. கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் அறிவியலாளர்களான பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் இனிப்புக் கரும்பையும் தானாக வளரும் காட்டுக் கரும்பு இனத்தையும் கலந்து உருவாக்கிய கோ 205 ரகம் 1918இல் வெளிவந்தது. மரபியலை அறியாத ஒரு நெசவுப் பொறியாளரும் இதைக் கேட்டு, அடுத்து என்ன நடந்தது என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். குரோமோசோம் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அதற்குப் பின் சொன்னால் அவர் விருப்பத்தோடு பின்தொடர்வார். அதிலேயே தொடங்கினால் பின்தொடர மாட்டார்.

எண்களுக்கு ஒப்பீட்டளவு கொடுப்பது இதைவிட முக்கியம் என்பது என் கருத்து. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் கலந்த நொய்யல் ஆற்றுப் படுகையின் நிலத்தடி நீரைப் பற்றிப் பேச வருபவர், ஒரு கிணற்று நீரில் உப்புகள் முதலாகக் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 5000 மில்லிகிராம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனால், பின்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம், “இது அதிகங்களா, கம்மிங்களா?” என்று கேட்பார். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் ஏற்கத்தக்க அளவு 500, மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் அனுமதிக்கப்படும் மேல்வரம்பு 2000, கடல்நீரில் ஏறத்தாழ 35,000 என்று மூன்று எண்களைச் சொல்லிவிட்டால் அந்த 5000 எங்கே நிற்கிறது என்பது எல்லோருக்கும் விளங்கும். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்கு உப்பு நிறையத் தேவைப்படுகிறது, அந்த உப்பு துணியில் தங்காமல் கழிவுநீரோடு வெளியேறுகிறது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்தால், வேதியியல் படிக்காதவருக்கும் காரணம் கிடைத்துவிடும்.

வரைபடம் திரையில் தோன்றியதும் முடிவைச் சொல்லாமல், கிடை அச்சு எது, செங்குத்து அச்சு எது, ஒரு புள்ளி எதைக் குறிக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். மடக்கை (log) அளவுகோலாக இருந்தால் ஒரு படி மேலே போவது பத்து மடங்கு என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7இலிருந்து 6க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு கூடுகிறது என்பதைப் பட்டதாரிகள் பலரும் மறந்திருப்பார்கள். சிவப்பையும் பச்சையையும் மட்டும் கொண்டு கோடுகளை வேறுபடுத்தாதீர்கள். அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாதவர்கள், குறிப்பாக ஆண்களில், எந்த அரங்கிலும் இருக்கக்கூடும். ஆய்வுக் கட்டுரையிலிருந்து வெட்டி ஒட்டிய ஆறு கட்ட வரைபடத்தைத் தவிர்த்து, தேவையான ஒரு கட்டத்தைப் பெரிதாக வரைந்து வாருங்கள்.

எங்கள் மாணவர்களில் பலர் ஈரோடு, நாமக்கல், பொள்ளாச்சி, தாராபுரம் பக்கத்துப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்கள். தமிழில் பேச முடிந்தால் பேசுங்கள். ஆய்வகத்தில் புழங்கும் சொல் ஆங்கிலமாக இருந்தால் அதையே பயன்படுத்துவதில் குறையொன்றும் இல்லை. ஆங்கிலத்தில் பேசுபவர்கள் வேகத்தைக் குறைத்து, முக்கியமான எண்ணை இரண்டு முறை சொன்னால் போதும்.

உள்ளூர்ச் செய்திகளை எடுத்துக்காட்டாகக் கையாளும்போது கூடுதல் கவனம் தேவை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலையிழந்த வீடுகளிலிருந்தும், நொய்யல் நீரால் தோட்டத்தை இழந்த வீடுகளிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். அளவீடு காட்டுவதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆனால் அளவீட்டுக்கு அப்பாற்பட்ட தீர்ப்பை ஆய்வு முடிவாகச் சொல்லாதீர்கள்.

நாங்கள் ஒதுக்கும் ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடம் கேள்விகளுக்கு உரியது; அதில் உரையை நீட்டிக்க வேண்டாம். ஒவ்வொரு கேள்வியையும் மைக்கில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலளியுங்கள், ஏனெனில் கேட்டவரின் குரல் கடைசி வரிசைக்குப் போயிருக்காது. முதல் கேள்வியை மாணவர் ஒருவர் கேட்கும்படி நான் ஏற்பாடு செய்வது வழக்கம். மூத்த பேராசிரியர் தொடங்கிவிட்டால் அதன்பின் இளையவர்கள் கை தூக்குவதில்லை என்பதைப் பல அமர்வுகளில் பார்த்திருக்கிறேன். வேறு துறையிலிருந்து வரும் கேள்வி எளிமையாகத் தோன்றினாலும் அதை அலட்சியமாகக் கடக்காதீர்கள். உங்கள் துறை கேட்காமல் விட்ட ஓர் அடிப்படைக் கேள்வியாகவே அது இருக்கக்கூடும். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், அதனால் உங்கள் மதிப்பு சிறிதும் குறையாது.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸில் வருபவர்கள் விடியற்காலையில் இறங்கிவிடலாம். பிற்பகல் அமர்வுக்கு முன் ஓய்வுக்கும், மாணவர்களோடு உணவருந்திப் பேசவும் நேரம் கிடைக்கும். ஸ்லைடுகளைப் பி.டி.எஃப். வடிவிலும் கொண்டு வாருங்கள். மற்றொருவரின் கணினியில் தமிழ் எழுத்துருக்கள் சிதைவதை அது தடுக்கும்.

வெளியிடப்படாத தரவுகள் உரையில் இருந்தால், ஒளிப்பதிவு வேண்டாம் என்பதையோ எந்தப் பகுதியை நீக்க வேண்டும் என்பதையோ உரைக்கு முந்தைய நாளே ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பகிரத்தக்க ஸ்லைடுகளைத் தனிக் கோப்பாக்கி, தொடக்க நிலையினர் படிக்கத்தக்க இரண்டு மூன்று கட்டுரைகளின் பெயர்களோடு உரை முடிந்த வாரத்திலேயே அனுப்பினால், அவற்றை அனைத்துத் துறை மாணவர்களுக்கும் நாங்கள் சேர்த்துவிடுவோம்.