ஆம்பியன்ட் என்றால் பின்னணி இசையா?

போன மாதத்தில் மட்டும் இது மூன்றாவது முறை. மின்னணு இசையின் வரலாற்றைச் சொல்லும் ஓர் ஆவணப்படம். அடியில் தமிழ் வசனவரி ஓடுகிறது. பேசுபவர் ‘ஆம்பியன்ட் மியூசிக்’ (காற்றைப் போல நம்மைச் சுற்றி நிறைந்திருக்கும் ஓர் இசை வகை) என்று சொல்லும் இடத்திலெல்லாம் வரி ‘பின்னணி இசை’ என்கிறது. ‘பின்னணி இசையின் தந்தை இவர்தான்’ என்று வந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். இதை நான்கு தமிழர்கள் கூடியிருக்கும் இடத்தில் சொன்னால் எத்தனை பெயர்கள் கிளம்பும், எத்தனை பேர் சண்டைக்கு வருவார்கள் என்று அந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இலத்தீனில் ‘அம்பி’ என்றால் சுற்றி. ‘ஈரே’ என்றால் போதல். இரண்டும் சேர்ந்த ‘அம்பீரே’, சுற்றி வருதல். அதன் எச்ச வடிவத்திலிருந்து வந்ததுதான் ஆம்பியன்ட். காற்று, வெப்பம், வெளிச்சம் என்று நம்மைச் சூழ்ந்திருப்பவற்றுக்கு அடைமொழியாக நெடுங்காலம் இருந்த சொல்லை இசைக்குக் கொண்டுவந்து பெயராகச் சூட்டியவர் ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. ‘ஆம்பியன்ட் 1: மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ ஆல்பத்தின் உறையில், 1978 செப்டம்பர் என்று தேதியிட்டு அவர் எழுதிய குறிப்பில் இதற்கான விளக்கம் இருக்கிறது. வேர்ச்சொல் பாடம் அவ்வளவுதான். ‘சுற்றி’ என்று சொல்லும் ஒரு சொல்லைப் ‘பின்னால்’ என்று மாற்றியது யார், எப்படி என்பதுதான் என் வழக்கு.

பின்னணி என்பது பின் + அணி. அணி என்றால் வரிசை. முன்னால் நிற்கும் வரிசை முன்னணி, பின்னால் நிற்பது பின்னணி. ஆகவே பின்னணி என்று வாயெடுத்தாலே முன்னால் ஒன்று நின்றாக வேண்டும். பின்னணிப் பாடகர் என்கிறோம். முன்னால் நடிகர் வாயசைக்கிறார். பின்னணி இசை என்கிறோம். முன்னால் ஒரு காட்சி ஓடுகிறது. காட்சியை எடுத்துவிட்டால் அந்த இசைக்கு வேலை போய்விடும். சரி, ஈனோவின் ஆல்பத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் என்ன இருக்கிறது? சுவர். அந்தச் சுவருக்கா பின்னணி இசைத்தார் அந்த மனிதர்?

இன்னொன்று. அகராதியில் என்ன போட்டிருந்தாலும், தமிழில் பின்னணி இசை என்றதும் காதில் விழுவது எது? நாயகன் காரிலிருந்து ஒரு காலை மட்டும் வெளியே வைக்கிறான்; முரசும் பித்தளை வாத்தியங்களும் சேர்ந்து இடிக்கின்றன; திரையரங்கின் நாற்காலி அதிர்கிறது. அந்தப் பத்து நொடியைத் தனியாக வெட்டியெடுத்து அழைப்பொலியாக வைத்துக்கொள்பவர்கள் நாம். அதாவது நம் மொழியில் பின்னணி இசை என்பது ‘என்னைக் கவனி’ என்று சட்டையைப் பிடித்து உலுக்கும் இசை. கவனிக்காமல் விட்டாலும் கோபித்துக்கொள்ளாத ஒன்றுக்கு அந்தப் பெயரை வைப்பது, ஆமைக்கு முயல் என்று பெயர் வைப்பது போல.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. ஈனோ இந்தப் பெயரைத் தேடிப்போனதே, தன் இசையைப் பின்னணி இசையிலிருந்து பிரித்துக் காட்டத்தான். 1934இல் தொடங்கிய மியூசாக் என்ற அமெரிக்க நிறுவனம் அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் மின்தூக்கிகளுக்கும் கம்பி வழியே இசை அனுப்பிக்கொண்டிருந்தது. தெரிந்த பாட்டுகளை எடுத்து, குரலை நீக்கி, மேடுபள்ளமெல்லாம் இழைத்து அனுப்புவார்கள். தொழிலாளி சோர்ந்துபோகாமல் இருக்கப் பதினைந்து நிமிடம் படிப்படியாக விறுவிறுப்பைக் கூட்டுவது, அடுத்த பதினைந்து நிமிடம் மௌனம் என்று அதற்கொரு கணக்கே வைத்திருந்தார்கள். பின்னணி இசை என்று ஒரு தொழில் இருந்தது என்றால் அது இதுதான். ‘அது எல்லா இடத்தையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுகிறது, நான் செய்ய நினைப்பது அந்தந்த இடத்தின் இயல்பைக் கூட்டிக் காட்டும் இசை’ என்று அந்த உறைக்குறிப்பிலேயே ஈனோ பிரித்துச் சொல்லிவிட்டார். இது வேண்டாம் என்று ஒருவர் பெயர் சொல்லி ஒதுக்கியதையே எடுத்து அவர் கழுத்தில் மாலையாகப் போடுகிறது நம் வசனவரி.

எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். கவனித்துக் கேட்டால் சுவை இருக்க வேண்டும், கவனிக்காமல் விட்டாலும் பாதகமில்லை என்பதுதான் ஈனோ வைத்த நிபந்தனை. கவனிக்காமல் விடலாம் என்றால் அது பின்னால்தானே இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் இது நிபந்தனையில் பாதி. பின்வரிசையில் நிற்பவர் முன்னால் வர வேண்டுமென்றால் முன்னால் இருப்பவர் விலக வேண்டும். காற்று அப்படியா? நினைத்தால் கவனிக்கிறோம், இல்லையென்றால் விட்டுவிடுகிறோம். இரண்டு நேரமும் அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

இது எனக்கு உடனே விளங்கிவிடவில்லை. முதல் தடவை அந்த ஆல்பத்தைக் கேட்டபோது பத்தாவது நிமிடம் அணைத்துவிட்டேன். ஒன்றுமே நடக்கவில்லையே என்று எரிச்சல். பல வருடம் கழித்து, வேறு வேலையாக இருந்தபோது, ‘2/1’ என்ற இரண்டாவது துண்டு தானாக ஓடிக்கொண்டிருந்தது. வெறும் மனிதக் குரல்கள்; சொல் கிடையாது; ‘ஆ’ என்று நீளும் தனித்தனிச் சுரங்கள். ஒரு குரல் எழுந்து அடங்குகிறது. இடைவெளி. இன்னொன்று. மின்விசிறியின் ஓசை நடுவில் நுழைந்துகொள்கிறது. முன்பு சேர்ந்து வந்த இரண்டு குரல்கள் இப்போது ஏன் தள்ளித்தள்ளி வருகின்றன என்று எண்ணத் தொடங்கினேன், எண்ணிக்கை தவறியது, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் வேலை அப்படியே கிடந்தது. ஒவ்வொரு சுரத்தையும் ஒரு தனி நாடா வளையத்தில் (முனைகளை ஒட்டியதால் பதிந்ததையே திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒலிநாடா) ஈனோ ஓடவிட்டிருக்கிறார் என்று பிறகு படித்தேன். ஒன்று சுமார் 23½ நொடிக்கு ஒருமுறை திரும்பும். இன்னொன்று 26க்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாவது 30க்குச் சற்று முன்பு. கணக்கு ஒத்துப்போகாததால் குரல்கள் ஒருமுறை சந்தித்தது போல மறுமுறை சந்திப்பதில்லை. நாடா நீளமாக இருந்ததால் ஒலிப்பதிவுக் கூடத்தின் அலுமினிய நாற்காலிகளைச் சுற்றி அதை ஓடவிட்டார்களாம். இந்த இசை செய்யப்பட்ட விதமே சுற்றி வருதல்தான்.

அதற்கு முந்தைய கதையும் இதையே சொல்கிறது. 1975 ஜனவரியில் கார் மோதிப் படுக்கையில் கிடந்த ஈனோவுக்கு ஒரு தோழி, 18ஆம் நூற்றாண்டு யாழிசை இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சிரமப்பட்டு எழுந்து அதைப் போட்டுவிட்டு வந்து படுத்த பிறகுதான் தெரிந்தது: ஒலி மிகக் குறைவு, ஸ்டீரியோவில் ஒரு பக்கம் வேலையே செய்யவில்லை. மறுபடி எழுந்து திருத்தத் தெம்பில்லை. அப்படியே கிடந்து கேட்டபோது வெளிச்சத்தின் நிறமும் மழையின் சத்தமும் எப்படி அறையில் இருந்தனவோ அப்படியே அந்த இசையும் இருந்தது என்று பின்னர் எழுதினார். மழை யாருக்குப் பின்னணி? நாம்தான் அதன் நடுவில் இருக்கிறோம்.

பின்னணியை விட்டால் வரிசையில் நிற்கும் மற்ற தமிழ்ப் பெயர்கள் அதிக நேரம் தாங்காது. ‘சுற்றுப்புற இசை’ பாடப்புத்தகத்தின் ‘சுற்றுப்புற வெப்பநிலை’யிலிருந்து வந்தது. பொருள் சரிதான், ஆனால் ‘சுற்றுப்புற’ என்றதும் நாக்கு ‘தூய்மை’ என்று முடிக்கப் பார்க்கிறது. ‘வளிமண்டல இசை’ என்று எங்கோ பார்த்தேன். வானிலை அறிக்கைக்கு முன்னால் போடலாம். ‘தியான இசை’, ‘அமைதி இசை’ என்பவர்கள் ஈனோவின் ‘ஆம்பியன்ட்’ ஆல்ப வரிசையையே முழுதாகக் கேட்டதில்லை. அதன் மூன்றாவது ஆல்பத்தில் (1980) லராஜி என்ற கலைஞர் தன் தந்திவாத்தியத்தை முதல் பக்கம் முழுக்கப் படபடவென்று தட்டிக்கொண்டே இருக்கிறார். நான்காவதில் (1982) தவளையும் பூச்சியும் கலந்த ஓர் இருட்டு. அதைப் போட்டுக்கொண்டு தியானத்தில் அமர்ந்தால் பாதியில் கண் திறந்து பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பீர்கள்.

ஆம்பியன்ட் என்றே தமிழில் எழுதிவிட்டால் என்ன என்று கேட்பவர்களோடு எனக்குப் பகை இல்லை. ஆல்பத்தை நானே ஆல்பம் என்றுதான் எழுதுகிறேன். ‘இசைத்தொகுப்பு’ என்றால் பல இடங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது என்ற பொருள் வந்து குழப்புகிறது. தமிழில் எழுதினால் தெளிவு கூடும் என்றால் தமிழ். இல்லையென்றால் வந்த சொல் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இங்கே தெளிவு கூடுகிறது. ஆம்பியன்ட் என்ற ஒலியில் தமிழ்க்காதுக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. புறநானூற்றுக்காரரிடம் சொன்னால் ‘ஆம்பி’யை மட்டும் பிடித்துக்கொண்டு காளானைப் பற்றிப் பேசுவதாக நினைப்பார்.

என் பரிந்துரை சூழிசை. சூழ் + இசை. வினைத்தொகை: சூழ்ந்த இசை, சூழ்கின்ற இசை, சூழும் இசை. ஊறுகாய் போல மூன்று காலத்தையும் தன்னுள் வைத்திருக்கிறது. எங்கே தொடங்கியது, எப்போது முடியும் என்று காட்டிக்கொள்ளாத இசைக்குக் காலம் காட்டாத தொகையைவிட என்ன வேண்டும்? மெல்லிசை, துள்ளிசை, சொல்லிசை என்று ஏற்கெனவே புழங்கும் சொற்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

‘சூழலிசை’ இதன் பங்காளி. அதைச் சொல்பவர்களுக்குத் துணையாக ஜப்பானியரும் இருக்கிறார்கள். அங்கே இதன் பெயர் ‘கான்க்யோ ஒங்காக்கு’, சொல்லுக்குச் சொல் சூழல் இசை. 1982இல் ‘மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்’ ஆல்பத்தைச் செய்த ஹிரோஷி யோஷிமுரா போன்றவர்களைக் கேட்டால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். ஆனால் தமிழில் சூழல் என்ற பெயர்ச்சொல் சுற்றுச்சூழல் பக்கம் போய்விட்டது. சூழலிசை என்றால் காட்டின் ஒலியைப் பதிவு செய்தது, பறவைக்குரல் என்று எண்ண இடமிருக்கிறது. சூழ் என்ற வினையில் அந்த வில்லங்கம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சூழ்தல் என்றால் சுற்றியிருத்தல் மட்டும் அல்ல, எண்ணிப் பார்த்தலும்கூட. ‘மற்றொன்று சூழினும்’ என்கிற குறளில் சூழ்தல் என்றால் எண்ணித் திட்டமிடுதல். ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று இன்னொரு குறள் சொன்னபோது சூழ்ச்சி என்பது கௌரவமான ஆலோசனை. சதி என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. (இலத்தீனிலும் இதே கதை: வாக்குக் கேட்டு ஊரைச் சுற்றி வந்ததிலிருந்து ‘ஆம்பிஷன்’ பிறந்தது, அதே வேரின் ‘அம்பிடஸ்’ உரோமில் தேர்தல் லஞ்சக் குற்றத்தின் பெயரானது. சுற்றி வருபவன்மேல் சந்தேகப்படுவது எல்லா மொழிக்கும் பொது போலிருக்கிறது.) சுற்றி நிற்பது, நினைத்தால் எண்ணிப் பார்க்க இடம் தருவது: ஈனோவின் நிபந்தனையின் இரண்டு பாதியும் ஒரே வினையில் இருக்கின்றன. இலத்தீன் வேரில்கூட இது இல்லை.

குறை இல்லாமல் இல்லை. ழகரம் வராதவர்கள் வாயில் சூலிசை ஆகிவிடும். சூல் என்றால் கரு. பரவாயில்லை, தமிழுக்கும் அதே ஆபத்து உண்டு, அதற்காகப் பெயரை மாற்றிவிடவில்லை.

வசனவரிக்காரர்களிடம் எனக்கு வேறு கணக்குகளும் பாக்கி இருக்கின்றன. பழைய ஆல்பம் ஒன்றை ‘மறுபடி பார்வையிட்டேன்’ என்கிறார்கள். ஆல்பம் என்ன அருங்காட்சியகமா? திரும்பக் கேட்டேன் என்றால் போதாதா? புதிதாய் ஒரு கலைஞரைக் கேட்க நேர்ந்தால் ‘கண்டுபிடித்தேன்’ என்கிறார்கள், அதுவரை அவர் தொலைந்து போயிருந்தது போல. இவற்றின் உச்சம், ஓர் இசைத்துண்டைப் பற்றிய பேச்சில் ‘ட்ரோன்’ என்று வந்த இடத்தில் ‘ஆளில்லா விமானம்’ என்று ஓடிய வரி. ஒரே சுரம் விடாமல் நீள்வதைச் சொல்ல நமக்குச் சுருதி இருக்கிறது. நாகசுரத்துக்குப் பக்கத்தில் அதை ஊதுவதற்கென்றே ஒத்து இருக்கிறது. ‘ஒத்து ஊதுகிறான்’ என்று திட்டுவதற்குக்கூட அது பயன்பட்டிருக்கிறது. அதைத் தாண்டிப் போய் விமானம் பிடித்திருக்கிறார்கள்.

ஆம்பியன்ட் கலைஞர் சூழிசைக் கலைஞர். ஆம்பியன்ட் ஆல்பம் சூழிசை ஆல்பம். ‘டார்க் ஆம்பியன்ட்’ என்ற பிரிவுக்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘இருண்ட பின்னணி இசை’ என்றால் பேய்ப்படத்தில் கதவு கிரீச்சிடும் காட்சிதான் கண்ணில் நிற்கும். இருள் சூழிசை என்று சொல்லிப் பாருங்கள். ‘இருள் சூழ்ந்தது’ என்று சொல்லி நாக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது.