வெளி மாநிலக் கோர்ட் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்துமா? அமெரிக்க விதி வந்த வழி

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் குடியிருப்பவர் மேல் இன்னொரு மாநிலத்தில் வழக்குப் போட்டால், அந்தத் தீர்ப்பு அவரைக் கட்டுப்படுத்துமா? இதற்கான விதியை உச்ச நீதிமன்றம் 1878இல் பென்னாயர் எதிர் நெஃப் வழக்கில் வகுத்தது.

எல்லாம் ஒரு வக்கீல் ஃபீஸில் தொடங்கியது. 300 டாலருக்கும் குறைவான பாக்கிக்காக, மிட்செல் என்ற வக்கீல் ஆரிகன் மாநிலக் கோர்ட்டில் நெஃப் மேல் வழக்குப் போட்டார். நெஃப் அப்போது ஆரிகனிலேயே இல்லை. சம்மன் கைக்குப் போகவில்லை. ‘பசிபிக் கிறிஸ்டியன் அட்வகேட்’ என்ற வாரப் பத்திரிகையில் ஆறு வாரம் விளம்பரம் போட்டதோடு சரி. ஊரில் இல்லாதவர் கண்ணில் அது எங்கே படப்போகிறது? 1866 பிப்ரவரியில் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது நெஃப் ஆஜராகாமலே அவருக்கு எதிராகத் தீர்ப்பு. மார்ச்சில் நெஃபின் ஆரிகன் நிலத்துக்குப் பட்டா வந்தது. ஆகஸ்டில் ஷெரிஃப் அதை ஏலம் விட்டார். எடுத்தவர் மிட்செலே! பட்டா வரட்டும் என்றுதான் இத்தனை நாள் பொறுத்திருப்பார் போல. உடனே அது பென்னாயர் கைக்கு மாறியது.

நிலத்தைத் திரும்பக் கேட்டு நெஃப் கோர்ட்டுக்குப் போனார். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்த காரணம் வேடிக்கையானது: விளம்பரம் வெளிவந்ததற்கு அச்சிட்டவர் அஃபிடவிட் தரவேண்டும், தந்ததோ பத்திரிகை ஆசிரியர். உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. ஆனாலும் நெஃபுக்கே நிலம். வெளி மாநிலத்தவரிடம் பணம் வசூலிக்கும் தீர்ப்பு செல்ல வேண்டுமானால், அந்த மாநில எல்லைக்குள் அவர் கையில் சம்மன் கொடுத்திருக்க வேண்டும்; அல்லது அவரே வந்து ஆஜராகியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால், அங்கே இருக்கும் அவர் சொத்தை வழக்கின் தொடக்கத்திலேயே ஜப்தி செய்திருக்க வேண்டும் என்று நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட் எழுதினார். விவாகரத்து போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

இன்று நிலைமை மாறிவிட்டது. 1945இல் இன்டர்நேஷனல் ஷூ என்ற கம்பெனியின் வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, அந்த மாநிலத்தோடு உங்களுக்குப் போதுமான தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சம்பந்தமில்லாத சொத்து அங்கே கிடக்கிறது என்பது மட்டும் போதாது என்று 1977இல் சொல்லிவிட்டார்கள். ஆனால் மாநிலத்துக்குள் நேரில் சம்மன் கொடுக்கும் பழைய வழி இன்றும் செல்லும்.

ஒன்றில் கவனம் வேண்டும். அதிகார வரம்பு இல்லை என்ற ஆட்சேபத்தை முதல் பதிலிலேயே எழுப்பவேண்டும். அதை விட்டுவிட்டு வழக்காடத் தொடங்கினால், அந்தக் கோர்ட்டை ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும்.